ஓர் இடது கை கைதாகிறது

ஆளை அப்படியே நிற்கவிட்டு, அவருடைய இடது கையை மட்டும் தனியாகக் கைது செய்த துப்பறிவாளர் இந்தப் பூமண்டலத்தில் ஒருவர்தான் உண்டு. அது நான்தான். இதை நான் எங்கே சொன்னாலும் என் சம்பந்தி பக்கத்திலிருந்து, "வலது கை ஜாமீன் கொடுத்துச்சா?" என்று கேட்பார்.

சம்பந்தி என்றால் என் மகனின் மாமனார். மயக்க மருந்து டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை ஊரில் பாதிப் பேரைத் தூங்கவைத்தவர், இப்போது என்னை ஒரு மத்தியானம்கூடக் கண்ணயர விடுவதில்லை. நான் வாகனக் காப்பீட்டில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்தே நரைத்தவன். நான் பார்த்த நசுங்கல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்குப் படிக்கட்டு கட்டலாம், கைப்பிடிச் சுவருக்கும் மிச்சமிருக்கும். ஓய்வுக்குப் பிறகு நாங்கள் இருவரும் என் கார் ஷெட்டில் ஒரு மேஜை போட்டுத் துப்பறியும் நிலையம் ஆரம்பித்தோம். அன்று முதல் கார் வெயிலில் நிற்கிறது.

அந்த ஷெட்டுக்குத்தான் டிரைவரம்மா வந்தார். ஊரில் வாஷ்பேசின், பாத்டப் விற்கும் பெரிய பீங்கான் கடையின் பிக்கப் வண்டியை ஓட்டுகிறவர். அழுதுகொண்டு வரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

"சார், நேத்து நான் சாப்பிடப் போன நேரம் வண்டி தானா உருண்டு சரக்கு மேல ஏறிடுச்சு. நான் சரியா நிறுத்தலைன்னு முதலாளி சாவியைப் பிடுங்கிட்டாரு. சாயங்காலம் புது ஆள் வர்றானாம்."

"சரியா நிறுத்தினீங்களா?" என்றேன்.

"ஹேண்ட்பிரேக் போட்டேன். ஃபர்ஸ்ட் கியர்ல விட்டேன். சக்கரத்தைச் சுவர் பக்கம் ஒடிச்சேன். பின் சக்கரத்துக்குக் கட்டை வெச்சேன். மேடு சார் அது. மேட்டுல இந்த நாலும் செய்யாம நான் எறங்கினதே கிடையாது."

"நாலும் செஞ்ச வண்டி ஏம்மா உருளுது? அதுக்கு நம்ம சம்பந்தி மாதிரி காலாற நடக்கணும்னு ஆசையா?" என்றார் டாக்டர்.

டிரைவரம்மா அவரைப் பார்த்த பார்வையில் ஒரு ஊசி இருந்தது. மயக்க ஊசி இல்லை.

"அதான் எனக்கும் புரியல. வண்டி மோதி நின்னப்ப ஃபர்ஸ்ட் கியர்லதான் இருந்துச்சுன்னு முதலாளியே சொல்றாரு. கியர்ல இருக்கிற வண்டி எப்படி சார் உருளும்? ஆனா ஹேண்ட்பிரேக் போடல, கட்டை வைக்கலன்னு சொல்றாரு. லோடுமேன் மயிரிழையில தப்பிச்சான். இந்த ஊர்ல 'வண்டியை உருளவிட்டவ'ன்னு பேர் ஆயிட்டா எவன் என் கையில சாவி கொடுப்பான்? ஏற்கெனவே பொம்பளை டிரைவரான்னு கேக்கறவங்க. இனிமே கேக்கக்கூட மாட்டாங்க."

சம்பந்தி வாயைத் திறந்தார், மூடினார். அவர் வாய் இப்படி வீணாகத் திறந்து மூடியதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

கடையின் முற்றம் ஒரு சரிவு. மேல் கோடியில் முதலாளியின் கார் நிற்கும் மூலை. அங்கிருந்து சுவரை ஒட்டி, ஒரு வண்டி மட்டுமே போகும் சந்தில் கீழே இறங்கினால் வாசல். வாசலுக்கு இந்தப் பக்கம் வாஷ்பேசின்களை அடுக்கி வைத்திருந்தார்கள். இப்போது அவை அடுக்கி வைத்தவையாக இல்லை. ஆகாயத்திலிருந்து பீங்கான் மழை பெய்து ஓய்ந்ததுபோல் முற்றமே வெள்ளையாகக் கிடந்தது. அதன் நடுவே பின்பக்கம் நசுங்கிய பிக்கப், வெட்கமில்லாமல் நின்றது.

முதலாளி எங்களை வரவேற்ற விதத்துக்கு, வராமலே இருந்திருக்கலாம்.

"பாருங்க. நல்லா பாருங்க. எனக்கு ஒளிவு மறைவு கிடையாது. இந்தம்மா மட்டும் வண்டியைத் தொடக்கூடாது," என்றார். உயரமான ஆள். குரல் அவரைவிட ஒரு சாண் உயரம்.

நான் வண்டியின் கதவைத் திறந்தேன். உடனே அது கத்த ஆரம்பித்தது. கூவல் இல்லை, குயில் இல்லை, ஒரே சுருதியில் ஒரு பிளிறல். கதவை மூடினேன், நின்றது. திறந்தேன், கத்தியது.

"நோயாளிக்கு உங்களைப் பிடிக்கல," என்றார் சம்பந்தி.

ஆனால் நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். டிரைவர் சீட் கடைசிவரை பின்னால் தள்ளியிருந்தது. டிரைவரம்மா என் தோளுக்கு இருப்பார். அந்த சீட்டில் அவர் உட்கார்ந்தால் கிளட்ச்சை மிதிக்க இன்னொரு ஆளைக் கூட்டிவர வேண்டும்.

"கவனிச்சீங்களா? அம்மாவுக்கு அப்புறம் யாரோ ஒரு உயரமான ஆள் இந்த சீட்ல உக்காந்திருக்கான்," என்று முழங்கினேன்.

"நான்தான் உக்காந்தேன்," என்றார் முதலாளி. "மோதின பிறகு சாவியை எடுக்க ஏறினேன்."

"நானும் உக்காந்தேன்யா," என்றான் லோடுமேன், ஒரு பேசின் துண்டைப் பொறுக்கியபடி. "ரேடியோ பாடிக்கிட்டே இருந்துச்சு, அணைக்கப் போனேன்."

"பக்கத்து கடைக்காரர்?" என்றேன், எதற்கும் கேட்டுவைப்போம் என்று.

"அவரும் ஏறிப் பார்த்தாரு."

சீட் போனது. சீட்டோடு கண்ணாடியும் போனது. உட்கார்ந்த ஒவ்வொருவரும் தங்கள் முகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கண்ணாடியைத் திருப்பியிருந்தார்கள். டேஷ்போர்டு ஓரத்தில் ஹெட்லைட்டின் பார்வையைத் தாழ்த்துகிற சின்னத் திருகு ஒன்று இருந்தது. பின்னால் பாரம் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், எதிரே வருகிறவன் கண் கூசும். அதனால் பாரத்துக்கு ஏற்பத் திருகி விளக்கைத் தாழ்த்துவார்கள். அது முழு பாரத்துக்குத் திருகப்பட்டிருந்தது. வண்டியிலோ அப்போது அரை லோடுகூட இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. யாரோ ரகசியமாகப் பெரிய பாரம் ஏற்றியிருக்கிறான், கடத்தல், சர்வதேசக் கும்பல் என்று என் மனம் துறைமுகம்வரை போய்விட்டது.

"அது முந்தாநாள் ராத்திரி டைல்ஸ் ஏத்திட்டுப் போனப்ப நான் வெச்சது சார்," என்றார் டிரைவரம்மா களைப்பாக. "பகல்ல விளக்கு போடலையே, அப்படியே விட்டுட்டேன்."

துறைமுகத்திலிருந்து நான் நடந்தே திரும்பினேன்.

கட்டையைத் தேடினோம். சக்கரத்துக்குப் பின்னால் வைத்ததாக அவர் சொன்ன மரக்கட்டை வண்டியின் பின்தட்டில், ஓர் ஓரமாகக் கிடந்தது.

"பாத்தீங்களா? கட்டை வண்டிக்குள்ள இருக்கு. சக்கரத்துக்கு வெச்சாளாம்," என்றார் முதலாளி.

"வெச்சேன் முதலாளி."

"வெச்ச கட்டை துள்ளி ஏறி உக்காந்துச்சா?"

டிரைவரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொல்லி அலுத்த முகம் அது. நானும் அலுத்திருந்தேன். இன்ஜினையாவது பார்ப்போம் என்று சாவி கேட்டேன். முதலாளி தயங்காமல் கொடுத்தார். ஸ்டார்ட் செய்யப் போய் வலது பக்கக் குச்சியைத் தட்டிவிட்டேன். வைப்பர் எழுந்து ஆடியது. கூடவே பீறிட்ட தண்ணீர், பானட்டுக்கு முன்னால் நின்ற சம்பந்தியின் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போய் அடித்தது.

"துப்பு துலங்கிடுச்சு," என்றார் அவர், கண்ணாடியைச் சட்டையில் துடைத்தபடி. "என்மேல."

இன்ஜின் முதல் திருகலிலேயே எழுந்தது. கிளட்ச்சை மிதித்து ஃபர்ஸ்ட் கியர் போட்டு மெதுவாகக் காலை எடுத்தேன். வண்டி அசையவில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். உறுமல் மட்டும் வந்தது. ரிவர்ஸ் போட்டேன். பின்னால் பீப் பீப் என்று ஒலி கேட்டது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு யானையைத் திட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

"கிளட்ச் போச்சு," என்றார் முதலாளி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி. "மெக்கானிக்குக்குப் போன்ல சொன்னேன், கிளட்ச்சேதான்னான். அடுத்த வாரம்தான் வருவானாம். அதுவும் இந்தம்மா ஓட்டின லட்சணம்தான்."

"கிளட்ச் கருகினா நாறும் முதலாளி," என்றார் டிரைவரம்மா. "தெரு முழுக்க மூக்கைப் பொத்தும். நாறுச்சா?"

"இப்ப உன்கிட்ட பாடம் கேக்கணுமா நான்?"

சம்பந்தி காற்றில் மூக்கை நீட்டி முகர்ந்தார். தொழில் முறையில் வாயுக்களோடு பழகியவர்.

"நாறல," என்றார்.

நான் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். யாரோ எடுத்து, "அவர் வண்டிக்கு அடியில இருக்கார்," என்று சொல்லி வைத்துவிட்டார்கள். லோடுமேனைக் கூப்பிட்டு நேற்று நடந்ததைக் கேட்டேன்.

"நானும் பேசினா மாதிரி ரெண்டு அடுக்கு சரக்கு ஏத்திட்டு, பின்கதவை அடிச்சு மூடினேன்யா. வண்டி ஒரு குலுங்கு குலுங்கிச்சு. அப்புறம் சத்தமே இல்லாம என்னைப் பாத்து வந்துச்சு. பக்கவாட்டுல விழுந்தேன். ஒரு நொடி யோசிச்சிருந்தேன்னா இப்ப என் வீட்ல பந்தல் போட்டிருப்பாங்க."

"பேசினா மாதிரின்னா?"

"முதலாளி ஏத்தச் சொல்லிட்டுத்தான் கார்ல கிளம்பினாரு."

"நான் ஊர்லயே இல்ல," என்றார் முதலாளி. "போன் வந்து ஓடி வந்தேன். வந்து பாத்தா ஹேண்ட்பிரேக் கைப்பிடி உள்ள கிடக்கு. கியர் மட்டும் இருக்கு. இவன் போயிருந்தா இவன் பொண்டாட்டி பிள்ளைக்கு யார் பதில் சொல்றது?"

டிரைவரம்மா லோடுமேனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். அந்தக் கேள்விதான் அவரை அரித்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போது தெரிந்தது. வேலை போவது ஒரு பக்கம். ஒருவேளை தன் கை நிஜமாகவே ஒன்றை மறந்துவிட்டதோ என்கிற பயம் இன்னொரு பக்கம்.

ஹேண்ட்பிரேக்கைப் பார்த்தேன். சாதாரணக் காரில் இருப்பதுபோல் இரண்டு சீட்டுக்கும் நடுவே இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழே, டேஷ்போர்டிலிருந்து குடைப்பிடிபோல் நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் பிடிக்கும், திருகி உள்ளே தள்ளினால் விடும். இழுத்தேன், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. திருகி விட்டேன், அணைந்தது. மறுபடி இழுத்து வைத்தேன். குறை ஒன்றும் இல்லை. உலகமே என்னைக் கேலி செய்வதற்காக எல்லாப் பாகங்களையும் நல்ல நிலையில் வைத்திருந்தது.

"எறங்குங்க சம்பந்தி," என்றார் டாக்டர். "பிணத்துக்கு எத்தனை தடவை நாடி பாப்பீங்க?"

எரிச்சலோடு சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தேன். இறங்கக் கதவைத் திறந்தேன். பிளிறல். அந்த நேரம் என் இடது கை, என்னைக் கேட்காமலே, பக்கத்தில் போய் எதையோ பிடித்து இழுத்தது.

இழுக்க ஒன்றும் இல்லை. அது ஏற்கெனவே இழுத்த நிலையில் இருந்தது.

குனிந்து பார்த்தேன். சீட்டுகளுக்கு நடுவே, கியர் லீவருக்குப் பின்னால், இன்னொரு குட்டை லீவர். தலையில் எழுதியிருந்தது தேய்ந்து மொழுக்கென்று இருந்தது. முப்பது வருஷமாக என் காரில் ஹேண்ட்பிரேக் இருக்கும் இடம் சரியாக அதுதான். இன்ஜினை அணைத்துக் கதவைத் திறந்தால் கை அங்கேதான் போகும். புத்திக்கு அதில் வேலையே இல்லை. ஹேண்ட்பிரேக்கை இப்போதுதான் இழுத்து வைத்தேன் என்பதுகூட என் கைக்குத் தெரியவில்லை.

"அம்மா," என்று மெதுவாகக் கூப்பிட்டேன். "இது என்ன?"

முதலாளி கடைக்குள் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். டிரைவரம்மா ஜன்னலுக்கு வந்தார். பார்த்தார். முகத்தில் ரத்தம் ஏறியது.

"இது ஃபோர் வீல் லீவர். சேத்துல மாட்டினா நாலு சக்கரமும் இழுக்கறதுக்கு. ரோட்டுல இது முழுசா முன்னால இருக்கணும். இப்ப நடுவுல நிக்குது சார். இது நியூட்ரல்."

"வண்டிதான் ஃபர்ஸ்ட் கியர்ல இருந்துச்சே?"

"இது நடுவுல நின்னா இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே அறுந்துடும். நீங்க எந்த கியர் போட்டாலும் இது வெறும் தள்ளுவண்டி. வண்டி வாங்கினப்ப கொடுத்த புத்தகத்துல கட்டம் கட்டிப் போட்டிருப்பான், ஹேண்ட்பிரேக் இல்லாம இதை நடுவுல வைக்காதேன்னு."

கியரில் இருந்த வண்டி உருண்டதும், கிளட்ச் நாறாமலே வண்டி நகராததும் ஒரே குட்டை லீவரில் வந்து உட்கார்ந்தன. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் வண்டியே பெருமூச்சு விட்டது.

"நீங்க இதைத் தொட்டீங்களா?"

"மழைக்காலத்துக்கு அப்புறம் தொட்டதே இல்ல. எனக்கு ஹேண்ட்பிரேக் எங்கே இருக்குன்னு தெரியும் சார். வருஷக்கணக்கா இந்த வண்டிதான் ஓட்டறேன்."

"அப்ப இதை இழுத்தவன் கார் ஓட்டிப் பழகின கைக்காரன்," என்றேன். "ஹேண்ட்பிரேக்குன்னு நினைச்சு இழுத்திருக்கான். ஆனா நீங்க போட்ட நிஜ ஹேண்ட்பிரேக்கை மட்டும் எப்படிச் சரியா எடுத்தான்?"

"அதை எடுக்காம நகத்தினா சிவப்பு விளக்கு எரியும், பீப் அடிக்கும். தேடி எடுத்துத்தான் ஆகணும். ஆனா திரும்பப் போடலைன்னா எதுவும் எரியாது, எதுவும் அடிக்காது."

சம்பந்தி இதுவரை முற்றத்தின் மேல் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேலி பேசாமல் இருந்தால் எனக்குக் கவலை வந்துவிடும்.

"ஒரு சந்தேகம்," என்றார். "முதலாளி கார் அந்த மூலையில நின்னுச்சு. பிக்கப் அதுக்குக் கீழே, சுவரோரம். இந்தச் சந்துல ரெண்டு வண்டி ஒண்ணையொண்ணு தாண்ட முடியாது. அப்புறம் கார் எப்படி வெளியே போச்சு? நீச்சலடிச்சா?"

லோடுமேன் கையிலிருந்த பீங்கான் துண்டைக் கீழே வைத்தான்.

"நான் கோடவுன்ல சரக்கு எடுத்துக்கிட்டிருந்தேன்யா. வெளியே வந்தப்ப வண்டி வேற இடத்துல, கொஞ்சம் மேல சந்து அகலமாகிற இடத்துல, தண்ணி வடியற மடையோரம் நின்னுச்சு. டிரைவரக்காதான் தள்ளி விட்டிருக்காங்கன்னு நினைச்சேன். பின் சக்கரம் பள்ளத்துல உக்காந்திருந்துச்சு."

"பள்ளம் பிடிச்சு நின்ன வண்டி," என்றேன். "நீ கதவை அடிச்சதும் குலுங்கி வெளியே வந்திருக்கு."

குட்டை லீவரை முழுசாக முன்னால் தள்ளினேன். டிரைவரம்மாவும் லோடுமேனும், நான் சொன்னபடி, கட்டையும் இரண்டு பெரிய கல்லும் எடுத்து மடையோரம் தயாராக வைத்தார்கள். வண்டிக்குப் பின்னால் ஈ, எறும்புகூட நிற்கக்கூடாது என்று சொல்லிவிட்டு முதலாளியைக் கூப்பிட்டேன்.

"வண்டி ஓடுது. கிளட்ச்சுக்கு ஒண்ணும் இல்ல."

"என்ன செஞ்சீங்க?"

"சம்பந்தி நாடி பிடிச்சார். ஒரு உதவி. இந்தம்மா நிறுத்தினது தப்புன்னு நீங்க சொல்றீங்க. சரியா நிறுத்தறது எப்படின்னு ஒரு தடவை காட்டிடுங்க. நான் அப்படியே எழுதிட்டு வீட்டுக்குப் போறேன்."

இப்படி ஒரு அழைப்பை மறுக்கிற முதலாளி இனிமேல்தான் பிறக்க வேண்டும். ஏறி உட்கார்ந்தார். சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துக் கொஞ்சம் முணுமுணுத்து, குடைப்பிடியைத் திருகி விட்டார். நசுங்கிய வண்டி உடைந்த பீங்கானை நொறுக்கியபடி மேலே ஏறியது. மடையோரம் நிறுத்தினார். டிரைவரம்மாவும் லோடுமேனும் பக்கவாட்டிலிருந்து கட்டையையும் கல்லையும் பள்ளத்துக்குக் கொஞ்சம் கீழே தள்ளி வைத்தார்கள். ஜன்னல் வழியாகப் பாடமும் நடந்தது.

"முதல்ல பிரேக். அப்புறம் கிளட்ச். அப்புறம் ஹேண்ட்பிரேக்கை இப்படி இறுக்க இழுக்கணும்."

இடது கை பக்கத்தில் போனது. குட்டை லீவரைக் கெட்டியாகப் பிடித்து இழுத்தது. பிடித்த பிடியில் துளிச் சந்தேகம் இல்லை. அத்தனை பேர் முன்னால், அத்தனை உறுதியோடு ஒரு கை குற்றத்தை ஒப்புக்கொண்டதை நான் பார்த்ததே இல்லை.

"அப்புறம் கியர். அப்புறம் ஆஃப். முடிஞ்சுது. என்ன பெரிய வித்தை?"

காலை எடுத்தார். வண்டி பின்னால் ஒரு முழம் நழுவிப் பள்ளத்தில் உட்கார்ந்தது. அவர் இறங்கி, கதவை ஓங்கிச் சாத்தினார்.

வண்டி குலுங்கியது. சத்தமே இல்லாமல் பள்ளத்தைவிட்டு எழுந்து கிளம்பியது. கட்டையிலும் கல்லிலும் இடித்து நின்றது.



முதலாளி வண்டியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். டிரைவரம்மா மறுபக்கக் கதவைத் திறந்து, எட்டி, குடைப்பிடியை இழுத்தார். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஹேண்ட்பிரேக் இது முதலாளி," என்றார்.

"இது இன்னிக்கு," என்றார் முதலாளி. குரல் பாதியாகியிருந்தது. "இன்னிக்கு நீங்க ஏதோ செஞ்சு வெச்சிருக்கீங்க. நேத்து அப்படித்தான் நடந்துச்சுன்னு எப்படிச் சொல்லுவீங்க? நான் போட்டுட்டுத்தானே போனேன். நல்லா ஞாபகம் இருக்கு, இறுக்க இழுத்தேன்."

"எதை இழுத்தீங்க?" என்றேன்.

சொன்னபிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது, நேற்று மோதலுக்கு முன்னால் வண்டியைத் தொட்டதையே இதுவரை அவர் சொல்லவில்லை என்பது. மறைத்ததாக நான் நினைக்கவில்லை. ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டேன் என்று மனசார நம்பிய மனிதருக்கு, தான் வண்டியை நகர்த்தியது ஒரு விஷயமாகவே படவில்லை. தனக்குப் பிறகு அந்தம்மாதான் வந்து வண்டியை எடுத்து, ஹேண்ட்பிரேக்கும் கட்டையும் இல்லாமல் நிறுத்தியிருக்கிறார் என்று நேற்று முழுக்கக் கத்தியிருக்கிறார்.

"கார் எடுக்கணும்னு கொஞ்சம் மேல தள்ளி விட்டேன்," என்றார். "கட்டை கார் போற வழியில கிடந்துச்சு. எடுத்து உள்ள போட்டேன்."

லோடுமேன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நேற்று அந்தச் சக்கரத்துக்குத் தப்பிப் பக்கவாட்டில் விழுந்தவன் அவன். முதலாளி அவன் பக்கம் திரும்பவில்லை. பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, புது டிரைவரிடம் வர வேண்டாம் என்றார். பிறகு வண்டிச் சாவியை உருவி டிரைவரம்மாவிடம் நீட்டினார்.

அவர் வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இந்தாம்மா. பிடி."

"இவன் வீட்ல நான்தான் உருளவிட்டேன்னு சொல்லியிருக்கீங்க முதலாளி. பக்கத்து கடையில சொல்லியிருக்கீங்க. மெக்கானிக்கிட்ட சொல்லியிருக்கீங்க."

"சரி, அப்படி நடந்திருக்கலாம்."

டிரைவரம்மா அசையவில்லை. சாவி அவர்கள் இருவருக்கும் நடுவே தொங்கியது. சம்பந்தி என் காதில், "இதுக்கு மயக்க மருந்து கிடையாது," என்றார்.

முதலாளி லோடுமேன் பக்கம் திரும்பினார். முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தார்.

"நடந்துச்சுப்பா," என்றார். "வண்டியை உருளவிட்டது அவ இல்ல. நான்தான்."